இரண்டு பஞ்சாங்கத்துக் கைவிசேஷம்

1 ஜனவரி 1980, செவ்வாய்

இந்த வருடம் எங்கள் வங்கி டயறி அடிக்கவில்லை. செலவைக் குறைக்கிறார்களாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வங்கி டயறியிலேயே எழுதிப் பழகியவன், முதல் தடவையாக வெளியார் டயறியில் எழுதுகிறேன். புங்குடுதீவுக் கதிரேசு முதலாளி கொடுத்தது. நாலாம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறவர். நான் முகாமையாளராக இருக்கும் புறக்கோட்டைக் கிளையில் அவரை விடப் பெரிய வாடிக்கையாளர் கிடையாது. டயறியின் அட்டையில் ஒரு கப்பல் படம்.

"மிளகாய்க் கடைக்கு என்னத்துக்கு முதலாளி கப்பல்?" என்று கேட்டேன்.

"இப்ப மிளகாய் யாழ்ப்பாணத்திலை இருந்து லொறியிலை வாறேல்லை ஐயா. பம்பாயிலை இருந்து கப்பலிலைதான் வருகுது," என்றார்.

இறக்குமதியைத் திறந்துவிட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. புறக்கோட்டையில் இப்போது கிடைக்காத சாமான் இல்லை. மனைவி மங்கைக்கு ஒரு ஜப்பான் குடை வாங்கிக் கொடுத்தேன். பட்டனை அமத்தினால் தானாக விரிகிறது. இன்று காலை ரயிலுக்குள்ளேயே விரிந்து, பக்கத்தில் இருந்த மனிதரின் கண்ணைக் குத்தப் பார்த்தது.

8 ஜனவரி, செவ்வாய்

கிளைக்கு எதிர்ப்புறத்தில், துணிக்கடை இருந்த இடத்தில், ஒரு வெளிநாட்டு வங்கி வருகிறது. துறைமுகத்தைத் திறந்தவர்கள் இதற்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. நான் அதற்குக் கண்ணாடி வீடு என்று பெயர் வைத்துவிட்டேன். புறக்கோட்டைப் புழுதிக்குக் கண்ணாடியாம்! ஒரு கிழமையில் தெரியும்.

எங்களிடம் கண்ணாடி இல்லை. நீளமான ஒரு மர வாங்கு இருக்கிறது, என் மேசைக்கு முன்னால் சுவரோடு. பத்து மணிக்குப் பிறகு வியாபாரிகள் வந்து அதில் குந்துவார்கள். பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணீர் வரும். யாருடைய சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது, யார் மகளுக்குச் சீதனம் பேசுகிறார்கள், யார் கடையில் சண்டை, எல்லாம் அந்த வாங்கில்தான் பேசப்படும். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்பேன். ஒருவர் கடன் கேட்டு வந்தால் அவரைப் பற்றி எனக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். மீதியை அவருடைய முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

21 ஜனவரி, திங்கள்

மங்கை ரயிலில் வைத்துச் சொன்னாள். கண்ணாடி வீட்டுக்காரர் அவளை வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் வங்கியின் தலைமைக் கந்தோரில் வெளிநாட்டு வியாபாரப் பகுதி அவள் கையில்தான் ஓடுகிறது. ஒரு வியாபாரி பம்பாயில் சரக்கு வாங்குகிறார் என்றால், அந்தக் காசுக்கு நாங்கள் பொறுப்பு என்று அங்கே உள்ளவர்களுக்கு வங்கி எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் நாணயக் கடிதம். கொழும்பில் அதை மங்கையை விட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. இதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணாடி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்கள், இரண்டு மடங்கு சம்பளத்தோடு.

"நீங்கள் என்னப்பா சொல்லுறியள்?" என்றாள்.

"நான் என்னத்தைச் சொல்ல? நல்ல விசயம்தானே. போம்."

"உண்மையாத்தான் சொல்லுறியளே?"

"பின்னை?"

கொள்ளுப்பிட்டி வரைக்கும் இருவரும் கடலைப் பார்த்தபடி இருந்தோம். நான் எவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

23 ஜனவரி, புதன்

இரண்டு நாளாகத் தலையிடி. வெயில்தான் காரணம்.

1 பெப்ரவரி, வெள்ளி

மங்கை புது வேலையில் சேர்ந்துவிட்டாள். ஏழு மணிக்கே வீட்டு வாசலில் கண்ணாடி வீட்டு வான் வந்து நின்றது. உள்ளே குளிரூட்டி. கறுப்புக் கண்ணாடி போட்ட சாரதி இறங்கி வந்து கதவைத் திறந்து விடுகிறான். பின்னேரமும் வானில்தான் கொண்டுவந்து விடுவார்களாம். நான் தனியே ஸ்டேசனுக்கு நடந்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினொரு வருடமாக, வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய் வருகிற அந்த ரயில் நேரம்தான் எங்கள் குடும்பம். வீட்டில் சமையல், சாமான், ஊர்க் கடிதம் என்று பொழுது போய்விடும். ரயிலில்தான் கதைப்போம். அவளுக்குக் கடல் பக்க ஜன்னல் வேண்டும். உப்புக் காற்றில் என் மூக்குக் கண்ணாடி மங்குகிறது என்று நான் ஒவ்வொரு நாளும் முறைப்படுவேன். அவள் ஒவ்வொரு நாளும் கேட்காதவள் போல இருப்பாள்.

இன்றைக்கு ஜன்னலோரம் எனக்கே கிடைத்தது. பேப்பர் வாசித்தேன்.

14 பெப்ரவரி, வியாழன்

தலைமைக் கந்தோரில் கூட்டம். வளர்ச்சிப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் வீரக்கொடி பேசினார். லண்டனில் படித்தவர், ஆங்கிலத்திலேயே பேசினார். வெளிநாட்டு வங்கிகள் பெரிய இறக்குமதிக்காரர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகப் போகின்றன, நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டார். சின்ன ஊர்களில் கிளை திறப்போம் என்றார் ஒருவர். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் சனம் வீட்டுக்கு அனுப்புகிற காசைப் பிடிப்போம் என்றார் இன்னொருவர். வீரக்கொடி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "அதெல்லாம் பிறகு. முதலில் நாங்கள் அவர்களைப் போல இருக்க வேண்டும்," என்றார். வாங்கு கூடாது. தேத்தண்ணீர் கூடாது. இலக்கத் துண்டு எடுத்து, வரிசையில் நின்று, வேலை முடிந்ததும் போய்விட வேண்டும்.

நான் எழும்பி நின்று கை தட்டினேன். புறக்கோட்டையிலேயே முதலில் தொடங்குவோம் என்றும் சொன்னேன். எதிரே இருக்கிறவர்களுக்குக் காட்ட வேண்டாமா?

வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"வாங்கை எடுக்கப் போறியளே? அப்ப கதிரேசு முதலாளி எங்கை இருப்பார்?"

"உங்கட பாங்கிலை வாங்கு இருக்கோ?"

"இல்லை. அதுதான் அங்கை வாறவையை எனக்குத் தெரியேல்லை. இலக்கம் மட்டும்தான் தெரியும்."

வேலைக்குப் போய் இரண்டு கிழமை ஆகவில்லை, அதற்குள் குறை சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மனதுக்கு நன்றாக இருந்தது.

25 பெப்ரவரி, திங்கள்

வாங்கைப் பின்னால் சாமான் அறைக்குள் போட்டாயிற்று. அது இருந்த இடத்தில், சாய்ந்தவர்களின் தலை எண்ணெய் சுவரில் வரிசையாக அடையாளம் போட்டிருக்கிறது. சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். பிறகு வேலை ஒன்றும் ஓடவில்லை. 1968ஆம் வருடம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில் சனி, ஞாயிறு லீவு இல்லை. போயா என்கிற பௌத்தரின் பிறை நாளை வைத்துத்தான் லீவு. ஒரு கிழமை செவ்வாயில் வரும், இன்னொரு கிழமை புதனில் வரும். இன்றைக்கு என்ன கிழமை என்று நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. மங்கை அப்போதுதான் எங்கள் கிளைக்கு வந்திருந்தாள். கவுண்டரில் உட்கார்ந்த முதல் பெண். வியாபாரிகள் அவளிடம் காசு கொடுக்க வெட்கப்பட்டு மற்றப் பக்கத்து வரிசையிலேயே நிற்பார்கள். அவள் நாள் முழுக்கப் பென்சில் சீவிக்கொண்டிருப்பாள்.

சித்திரை வருடம் பிறந்து, பஞ்சாங்கம் சொல்லும் கைவிசேஷ நேரம் வந்தது. எங்கள் கிளையில் அது பெரிய காரியம். முகாமையாளர் ஒவ்வொரு வியாபாரிக்கும் வெற்றிலையில் ஒரு புதுத் தாள் வைத்துக் கொடுப்பார். வியாபாரி அதோடு தன் காசையும் சேர்த்து அந்த வருடத்தின் முதல் வரவைக் கணக்கில் போடுவார். வாங்கினால் மட்டும் போதாது, கொடுக்கவும் வேண்டும். அப்போதுதான் வருடம் முழுக்கக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் என்பது நம்பிக்கை. அன்றைக்கும் ஒருவரும் மங்கையிடம் போகவில்லை. அப்போது உதவி முகாமையாளராக இருந்த நான், எனக்குக் கிடைத்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"எந்தக் கணக்கிலை போட?" என்று நிமிராமலே கேட்டாள்.

அடுத்த வருடம் கல்யாணம். அவளைத் தலைமைக் கந்தோருக்கு மாற்றினார்கள். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் கைவிசேஷ நேரத்துக்குக் கோட்டையிலிருந்து நடந்து வந்து, என் கையால் வெற்றிலை வாங்கிக்கொண்டு போவாள். ஒரு றாத்தல் பாணுக்குச் சனம் வரிசை நின்ற பஞ்சகாலத்திலும் வந்தாள்.

நேரத்தில்தான் எங்களுக்குள் சண்டை. எங்கள் வீடு வாக்கிய பஞ்சாங்கம். அவளுடைய வீடு திருக்கணித பஞ்சாங்கம். வருடம் பிறப்பதிலிருந்து கைவிசேஷம் வரைக்கும் இரண்டும் வேறு வேறு நேரம் சொல்லும். கிளையில் வாக்கியம்தான், தீவுப்பகுதி முதலாளிமார் பெரும்பாலும் வாக்கியக்காரர் என்பதால். "பிழையான நேரத்துக்கு வந்து நிக்கிறன், எல்லாம் புருசனுக்காக," என்று முணுமுணுத்துக்கொண்டே வெற்றிலைக்குக் கை நீட்டுவாள்.

11 மார்ச், செவ்வாய்

வியாபாரிகள் இலக்கத் துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வாங்கு இருந்த இடத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கிறார்கள். புதுச் சுண்ணாம்பு முதுகெல்லாம் ஒட்டுகிறது. ஒருவரும் ஒன்றும் கதைப்பதில்லை. போன கிழமை ஒருவர் கடன் கேட்டார். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. படிவத்தைப் பார்த்தேன். படிவம் சுத்தமாக இருந்தது. கையெழுத்துப் போடப் பயமாக இருந்தது.

தெருவில் கதிரேசு முதலாளி மாட்டுப்பட்டார்.

"நாணயக் கடிதமெல்லாம் எதிர்ப்பக்கம் மாத்திட்டன் ஐயா, கோவிக்காதேங்கோ. அவையின்ரை ரெலெக்ஸ் நிமிசத்திலை பம்பாய்க்குப் போகுது. உங்கட கடிதம் போய்ச் சேர முன்னம் மிளகாய் விலை ஏறிப்போகுது."

"அது சரி. மிச்சக் கணக்கு? கடைக் காசு?"

"அதைத்தான் யோசிக்கிறன். ஆனா உங்கட பாங்கிலை நிண்டுகொண்டு யோசிக்கேலாமல் கிடக்கு ஐயா."

19 மார்ச், புதன்

வீரக்கொடியின் சுற்றுநிருபம். இந்த வருடத்திலிருந்து கிளைகளில் கைவிசேஷம் இல்லை, நவீன வங்கிக்கு அது பொருந்தாதாம். ஜூன் மாதம் எல்லாக் கிளைகளையும் நிறுத்துப் பார்ப்பார்களாம். வைப்பு குறைந்த கிளையைப் பிரதான கிளையோடு சேர்த்துவிடுவார்களாம். புறக்கோட்டையில் குறைந்துகொண்டுதான் வருகிறது.

கீழே 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வேறென்ன எழுதுவது? கை தட்டியவன் நான்தானே.

2 ஏப்ரல், புதன்

கண்ணாடி வீட்டின் கண்ணாடியில் தமிழில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. சித்திரை வருடக் கைவிசேஷம், பதினாறாம் திகதி காலை, அனைவரும் வருக. முத்து முத்தான எழுத்து. 'கை'யன்னாவுக்கு அப்படிக் கொம்பு வளைப்பது உலகத்தில் ஒரே ஒருத்திதான்.

வீட்டில் பெரிய சண்டை.

"அது எங்கட வழக்கமெல்லோ! எப்பிடி நீர் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவங்களிட்டைக் குடுப்பீர்?"

"நீங்கள்தானே வேண்டாமெண்டு விட்டனியள். 'மிக நன்று' எண்டு எழுதினது ஆர்?"

அதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தலைமைக் கந்தோரில் அவளுக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"அவையளுக்குக் காசு தெரியும், ரெலெக்ஸ் தெரியும். இஞ்சத்தைச் சனத்தைத் தெரியாது. அதைத் தெரிஞ்சு சொல்லத்தான் எனக்குச் சம்பளம்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினாறாம் திகதி திருக்கணித நேரமப்பா," என்றாள்.

"எந்த நேரமெண்டால் எனக்கென்ன?" என்றேன். சாப்பிடாமல் எழும்பினேன். பசித்தது. பிறகு போய்ச் சாப்பிட்டேன்.

13 ஏப்ரல், ஞாயிறு

வருடப் பிறப்பு. மருத்துநீர் வைத்து முழுகி, புது வேட்டி கட்டி, பொங்கல் படைத்தோம். மங்கை வெற்றிலைத் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சட்டைப் பையில் வழக்கம் போலப் புது இரண்டு ரூபாத் தாள் இருந்தது. எடுக்கவில்லை. ஒருநாளும் வீட்டில் வைத்துக் கொடுத்ததில்லை. இந்த வருடம் எங்கே வைத்துக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

அவள் தட்டத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாமியறையில் வைத்தாள். பொங்கலுக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

16 ஏப்ரல், புதன்

கண்ணாடிக்கு இந்த ஒரு நன்மை உண்டு, உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. வெள்ளைக்கார முகாமையாளர் நெற்றியில் சந்தனம். மங்கை சிவப்புக் கரைச் சேலை கட்டி, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வெற்றிலை கொடுத்தாள். இலக்கம் சொல்லவில்லை, பெயர்தான். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர், வடமராட்சிப் புகையிலைக்காரர் என்று நல்ல கூட்டம். நாங்கள் அவர்களைப் போல ஆகிவிட்டோம், அவர்கள் எங்களைப் போல ஆகிவிட்டார்கள். நடுவில் தெரு மட்டும் பழையபடி இருக்கிறது.

எங்கள் கிளையில் ஒருவரும் இல்லை. காசாளர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணி போலக் கதிரேசு முதலாளி உள்ளே வந்தார். துண்டு எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"என்ன முதலாளி, எதிர்ப்பக்கம் வெற்றிலை வாங்கியாச்சோ?" என்றேன். குரல் நான் நினைத்ததை விடக் கடுமையாகவே வந்தது.

"நான் ஏன் ஐயா அங்கை போறன்? நாங்கள் வாக்கியமெல்லோ. எங்களுக்கு நாளைக்குத்தான் நேரம். எத்தினை மணிக்குக் கதவு திறப்பியள் எண்டு கேக்க வந்தனான்."

"இந்த வருசம் இஞ்சை இல்லை. கடிதம் அனுப்பினதே?"

"கடிதத்தை ஆர் வாசிச்சது? உங்கட மனிசியெல்லே போன கிழமை கடை கடையா வந்து சொன்னவ. திருக்கணிதக்காரர் தங்களிட்டை வரட்டாம், வாக்கியக்காரர் மனேச்சர் ஐயாவிட்டைப் போகட்டாம். ஐயா கட்டாயம் திறப்பாராம்." பிறகு சுவரைக் காட்டி, "வாங்கு எங்கை ஐயா?" என்று கேட்டார்.

'கட்டாயம் திறப்பாராம்.'

அவர் போனதும் காவலாளியையும் காசாளரையும் கூட்டிக்கொண்டு சாமான் அறைக்குப் போனேன். மூன்று பேரும் சேர்ந்துதான் அதைத் தூக்க முடிந்தது. வீரக்கொடிக்கு ரெலிபோன் எடுக்கவில்லை. வேலை போனால் போகட்டும்.

17 ஏப்ரல், வியாழன்

மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கதவைத் திறந்தேன். நேரம் பிறக்க முன்னமே வாசலில் நின்றார்கள். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு. வாங்கு நிரம்பி, மிச்சப் பேர் என் மேசை நுனியிலும் குந்திவிட்டார்கள். தேத்தண்ணீர் இரண்டு தடவை வந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள், போன மாதம் கடன் கேட்டவரைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது. நல்ல மனிதர்தான்.

கதிரேசு முதலாளி முதல் வெற்றிலையை வாங்கினார். "நாணயக் கடிதம் அங்கைதான் ஐயா, அதிலை மாத்தமில்லை. கடைக் காசு இஞ்சை. ஒண்டுக்கு வேகம் வேணும், மற்றதுக்கு ஆள் வேணும்," என்றார்.

நடுவில் வீரக்கொடி ரெலிபோன் எடுத்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்.

"யாரிடம் அனுமதி கேட்டீர்கள்?"

"பஞ்சாங்கத்திடம், சேர்."

"எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?"

"இருக்க இடமில்லை, சேர்."

"அப்படியானால் பெரிய இறக்குமதியை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். கடைகளை நாங்கள் விடக் கூடாது. இதை எனக்கு ஒரு அறிக்கையாக எழுதி அனுப்புங்கள்," என்று வைத்துவிட்டார். அது அவருடைய யோசனை என்று இனிக் கூட்டங்களில் கேட்கலாம்.

கூட்டம் கலைகிற நேரத்தில் கண்ணாடிக் கதவு திறப்பது தெரிந்தது. மங்கை தெருவைக் கடந்து வந்தாள். கையில் ஜப்பான் குடை. வரிசையில் கடைசி ஆளாக வந்து நின்றாள்.

"திருக்கணிதக்காரிக்கு இஞ்சை என்ன வேலை?" என்றேன்.

"பிழையான நேரம்தான். எல்லாம் புருசனுக்காக," என்று கை நீட்டினாள்.

நான்கு நாளாகச் சட்டை மாறினாலும் பை மாறாமல் வைத்திருந்த தாளை எடுத்து வெற்றிலையில் வைத்தேன். கொடுக்க முன் கேட்டுவிட்டேன். "எல்லாரையும் அங்கேயே கூப்பிட்டிருந்தால் உமக்கு நல்ல பேர் கிடைச்சிருக்குமே. ஏன் இஞ்சை அனுப்பினீர்?"

"இந்தக் கிளையை மூடிப்போட்டால், வருசா வருசம் நான் எங்கை வாறது?" என்றாள்.

வெற்றிலையை வாங்கினாள். கைப்பையைத் திறந்து தன் காசையும் சேர்த்து என் முன்னால் வைத்தாள். நான் பேனாவை எடுத்தேன். கண்கள் நிறைந்திருந்தன. அதனால் நிமிராமலே கேட்டேன்.

"எந்தக் கணக்கிலை போட?"

18 ஏப்ரல், வெள்ளி

ஏழு மணிக்கு வான் வந்து ஹோர்ன் அடித்தது. மங்கை வாசலுக்குப் போய் ஏதோ சொன்னாள். வான் வெறுமையாகப் போய்விட்டது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"சரியான குளிரப்பா. கடலும் தெரியேல்லை."

ரயிலில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது, மூக்குக் கண்ணாடி மங்குகிறது என்று முறைப்பட்டேன். அவள் கேட்காதவள் போல இருந்தாள்.